களையா, களாவா?

"நிறுத்துங்க!"

இளவழகனுக்குக் கேட்கவில்லை. களை வெட்டும் மிஷினின் இரைச்சல் அப்படி. கடைசிச் செடியும் சாய்ந்த பிறகுதான் எதிரே நின்ற ஆனந்தவல்லியைப் பார்த்தான். பெரிய கண்கள்... நிறையக் கோபம்.

"வெட்டினது அத்தனையும் வேலிக்கு வச்ச களாச்செடி!"

"உங்கப்பாதாங்க போன்ல களைய எடுக்கச் சொன்னாரு."

"களாவ விட்டுட்டு களைய எடுங்கன்னு சொன்னாரு. காதுல என்ன பஞ்சா?"

"மிஷின் சத்தத்துல... பாதிதான் விழுந்துச்சு."

சென்னையில் நைட் ஷிப்ட் வேலையை விட்டு வந்தவன். ஊரில் அவன் பிடித்த முதல் வேலை இது.

ஆனந்தவல்லி அந்த வேலியை விதையிலிருந்து வளர்த்தவள். வெள்ளைப் பூ, கறுத்த பழம், அதைத் தேடி வரும் கொண்டைக்குருவி... செடி பூக்கும் முன்பே எல்லாம் அவள் மனதில் வந்துவிட்டிருந்தன. அப்பா துரைராசுவுக்குக் கம்பிவேலிதான் வேலி.

"தீபாவளிக்குள்ள துளிர்க்கலேன்னா கம்பி போட்டுடுவேன்" என்றார்.

மறுநாள் இளவழகன் பைக்கில் புதுக் களாக்கன்றுகளோடு வந்தான்.

"இது நான் வளர்த்தது இல்ல. எடுத்துட்டுப் போங்க."

போனான். ஆனால் விடிந்ததும் வந்தான். வெட்டுப்பட்ட கட்டைகளைச் சுற்றிக் கருவேல முள் வைத்தான். தினமும் வந்தான். ஐப்பசி மழையில் ஆட்டை விரட்டப் போய்ச் சேற்றில் விழுந்தான்.

"ஆடு சிரிக்குது பாருங்க" என்றாள், குடைக்குள் இருந்து.

"ஆடு மட்டுமா?"

அவள் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தீபாவளிக்கு முதல் நாள்... ஒரு கட்டையில், நகக்கண் அளவில் துளிர். இருவரும் ஈரத்தில் மண்டியிட்டுப் பார்த்தார்கள். துரைராசுவும் குனிந்து பார்த்தார்.

"ம்... கம்பிக்காரன்ட்ட வேணாம்னு சொல்லிடுறேன்" என்று நடந்துவிட்டார்.

"அப்போ இனிமே நீங்க வர வேண்டியதில்ல" என்றாள் அவள். குரல் ஏனோ இறங்கியிருந்தது.

"செடிக்காக மட்டும் வரலைங்க..." அவன் நிமிரவில்லை. "வேலைய விட்டவன்னு ஊரே என்னைக் களையாத்தான் பாக்குது. நீங்களும் பிடுங்கிப் போட்டுடாதீங்க. எனக்கு... உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழைத்துளி ஒன்று துளிரில் விழுந்து உருண்டது.

"களையா களாவான்னு காய்ச்சாத்தானே தெரியும்?"

"அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகுமேங்க!"

"ஆகட்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியும்" என்றாள் மெல்ல. "எனக்கும் உங்கள..."

மீதியை அவள் முணுமுணுக்கத்தான் செய்தாள். இந்த முறை அவனுக்கு முழுசாகக் கேட்டது.