ஆறு கோட்டுக்காரர்

எங்கள் ஊரில் காலையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டை காய்ந்தாலும் கம்பெனி வாசலைத் தாண்டும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டம்ளர் உள்ளே போனால் வயிறு லேசாக உப்பும். உப்பினால் வயிற்றுத் தசைக்கோடு மங்கும். மங்கினால் வாசலில் இருக்கும் கோடுகாட்டி எந்திரம் அன்றைக்கே நம்மை ஒரு படி இறக்கிவிடும். அதனால் திருப்பூரே நாக்கு வறண்டு, பேச்சில்லாமல் பஸ்ஸுக்கு நிற்கும்.

எல்லார் சட்டையிலும் வயிற்றுக்கு நேராகக் கண்ணாடித்துணியில் ஒரு சாளரம் உண்டு. நாடு முழுக்க அந்தச் சாளரச் சட்டையைத் தைத்து அனுப்புவது நாங்கள்தான். அந்தக் காலத்தில் வயிற்றைக் கழுவ உழைத்த ஊர், இப்போது வயிற்றைக் காட்ட உழைக்கிறது.

உடற்பொறுப்புச் சட்டம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நோயெல்லாம் வயிற்றுக் கொழுப்பில் தொடங்குகிறதாம். கொழுப்பில்லாத வயிற்றில் தசைக்கோடு தெரியுமாம். ஆகவே கோடு தெரிந்தால் நோயில்லை என்று மேலே யாரோ ஒரு மேதாவி முடிவு கட்டினார். ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் எடுக்க வேண்டாம், வயிற்றைப் பார்த்தால் போதும். கோடில்லாதவர்களை 'வழுவழு' என்று ஊருக்கு வெளியே குடிவைத்தார்கள். இரண்டு கோடு என்றால் சாயப்பட்டறை வேலை, நாலு என்றால் மேற்பார்வை, ஆறு என்றால் குளிரறையில் நாற்காலி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் கோட்டைக் கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தைக் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கவியரசுக்கு எந்நாளும் இரண்டு கோடுதான். குறை சொல்ல முடியாது, மனிதர் படாத பாடு பட்டார். விடிந்தால் வயிற்றுப் பயிற்சிதான்: பிளாங்க், கிரஞ்ச், கம்பியில் தொங்கிக் காலைத் தூக்குவது. சாப்பாட்டுக்கு உப்பில்லாத கோழி நெஞ்சும் அவித்த பிராக்கோலியும். ஆனாலும் மூன்றாவது கோடு எட்டிப் பார்க்கவில்லை. அவர் தம்பி பிரதாப் நாலு கோட்டுக்காரன். "அண்ணா, உன் வயித்துல கிரிக்கெட் ஆடலாம்டா" என்று சபையில் வைத்தே சொல்லுவான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்ச நேரம் தரையில் கிடந்து எழும்புவார்.

போன ஐப்பசியில் அந்தக் கோடுகள் வந்தன. முதலில் நாலு, பிறகு ஆறு. கல்லில் கொத்தியதுபோல் தெளிவாக வந்தன. எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கோடு வயிற்றில் மட்டும் வரவில்லை, கன்னத்திலும் விலாவிலும் வந்தது. தட்டில் வைத்ததில் பாதியைத் தள்ளிவிடுவார். "பசிக்கலை அம்மிணி. ஒரு வாய் வெச்சாலே நெறஞ்ச மாதிரி இருக்குது" என்பார், ஏதோ வரம் கிடைத்தவர்போல.

ஆறு கோடு வந்தால் சீர் செய்ய வேண்டும், அது இப்போதைய வழக்கம். முட்டையின் வெள்ளைக்கரு, கோழி நெஞ்சு, பிராக்கோலி என்று அடுக்கிய தட்டுகளோடு சொந்தபந்தமெல்லாம் மண்டபத்தில் கூடியது. தாய்மாமன் ஒவ்வொரு கோட்டிலும் சந்தனம் தடவ வேண்டும். மேல்வயிற்றில் விரல் பட்டதும் இவர் துள்ளினார். "மாப்ளைக்குக் கூச்சத்தப் பாரு!" என்று கூட்டமே சிரித்தது. அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. பிரதாப், அண்ணன் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினான்.

மறுநாள் காலையில் அவர் வாஷ்பேசினைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா."

"ஆறு கோட்டோட ஆஸ்பத்திரிக்கா? சிரிப்பாங்க அம்மிணி."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். ரத்தமா வாந்தி எடுக்கறீங்க."

"பயிற்சி ஜாஸ்தி ஆயிருச்சு, அவ்வளவுதான். சின்ன வயசுல இருந்து இதுக்குத்தான ஏங்குனேன்? பிரதாப்பு இப்பத்தான் என்னைய மனுசனாப் பாக்கறான். கொஞ்ச நாளைக்கு இப்படியே இருந்துட்டுப் போறனே."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் பொறுமையாகப் பொறுக்கி வைத்துவிட்டுச் சாளரச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குளிரறை நாற்காலியிலிருந்து அவர் சரிந்து விழுந்த அன்று, நானும் கம்பெனி ஆள் ஒருவருமாகத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வாசலிலும் ஒரு கோடுகாட்டி. வயிற்றின் மேல் ஒளி ஓடியது, பச்சை விழுந்தது. "முழு நலம். வாழ்த்துகள். உங்கள் இடத்தைத் தேவையுள்ளவருக்கு விட்டுக்கொடுத்ததற்கு நன்றி" என்றது குரல். கதவு திறக்கவில்லை. என் தோளில் சாய்ந்திருந்தவருக்குத் தலை நிற்கவில்லை.

வாசலில் காவலுக்கு நின்ற பெண் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பாத்தாலே தெரியுதுங்க. ஆனா பச்சை விழுந்த ஆளு மேல டாக்டர் கை வெக்கக் கூடாதுங்க, லைசென்ஸ் போயிரும். ஒரே ஒரு கோடு மங்குனாப் போதும், நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். எதையாச்சும் சாப்புட வெச்சுக் கூட்டிட்டு வாங்க."

ஊரே வயிற்றை ஒட்டவைக்கப் பாடுபட்டபோது நான் ஒரு வயிற்றை உப்பவைக்கப் பாடுபட்டேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் நெய் விற்கக் கூடாது. வழுவழுக் குடியிருப்புக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வந்தேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். கஞ்சியில் நெய்யை ஊற்றி ஊட்டினேன். அவருக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. "குடு அம்மிணி, இன்னொரு வாய் குடு" என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கியது உள்ளே நின்றால்தானே? வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு வாந்திக்குப் பிறகும் கோடுகள் இன்னும் தெளிவாயின. மறுபடி மறுபடி அந்த வாசலுக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் பச்சைதான், வாழ்த்துதான். கடைசித் தடவை அந்தக் காவல்காரப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அந்தக் கோடுகளை நகத்தால் பிறாண்டி அழித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

தை பிறக்குமுன் போய்விட்டார். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு கோட்டுக்காரருக்குச் சட்டப்படி நோய் கிடையாது, ஆகவே அவர் சாவுக்குக் காரணமும் கிடையாது.

கம்பெனியிலிருந்து மாலையும் புதுச் சாளரச் சட்டையும் வந்தன. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சட்டையைப் போட்டுத்தான் கிடத்தினார்கள். வந்தவர்கள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எப்பேர்ப்பட்ட ஒடம்பு, கண்ணு பட்டுருச்சு" என்றாள் ஒருத்தி.

பிரதாப் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பொய் அழுகை இல்லை, அண்ணன் மேல் அவனுக்கு உயிர்தான். எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து வந்ததும், குளித்த ஈரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணி, இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு நாலுக்கு மேல ஏறவே மாட்டீங்குது. கடைசில அண்ணன் என்னங்க சாப்புட்டாரு?"

"ஒண்ணுமே சாப்புடலீங்க தம்பி" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தான்.

"எத்தன நாளைக்குங்க அண்ணி?"