கயிறு இறுகக் கூடாது

மீன் என்றுதான் ஆய்வாளர் முதலில் நினைத்தார். கருவி கடலுக்குள் விழும்போது அதன் ஊசிமுனையில் மீன் மோதினால், திரையில் ஒரு கோடு நெட்டுக்குத்தாக எழும். அதை அழித்துவிடுவது வழக்கம். ஆனால் கடைசிப் பத்து இறக்கத்திலும் மோதியிருந்தது. முதலில் இருநூறு மீட்டர் ஆழத்தில், அடுத்து நூற்றெண்பதில், பிறகு நூற்றறுபதில். கடைசியில் வெறும் இருபது. எந்த மீன் இப்படிப் படிப்படியாக மேலே ஏறி வரும்?

ஞாயிறு மத்தியானம். ஆய்வகத்தில் அவர் மட்டும்தான். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஏசி முனகிக்கொண்டிருக்க, மூன்று வாரத்துக்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மேசையருகே வைத்த கருவியிலிருந்து, உப்பும் பாசியும் கலந்த ஒரு வாடை விட்டுவிட்டு வந்து மூக்கில் ஏறியது. அதன் கயிறு தரையில் வளையம் வளையமாகக் கிடந்தது.

மேல்தண்ணீரின் சூடு அடித்தண்ணீரோடு எவ்வளவு கலக்கிறது என்று அளக்க, கருவி தடையில்லாமல் விழ வேண்டும். கயிறு இறுகினால் அதன் நடுக்கம் கருவிக்குப் போய் அளவு குட்டிச்சுவராகிவிடும். அதனால் கப்பல் ஓரத்தில் ஒருவர் நின்று, கையாலேயே கயிற்றைத் தளர விட்டுக்கொண்டிருப்பார். அந்த வேலை இவருடைய மச்சினனுக்கு. மனைவியின் ஒரே தம்பி.

"சேஃப்டி பெல்ட்டைக் கழட்டிட்டு இன்னும் கொஞ்சம் குனிடா, கயிறு இறுகுது." அன்றைக்கு அப்படிச் சொன்னது இவர்தான். கயிற்றின் வளையம் அவன் காலில் சுற்றியதைப் பார்த்ததும் இவர்தான். நிறுத்தச் சொன்னால் அளவு வீணாகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. கயிறு அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போன பிறகு ஒன்றரை நாள் தேடினார்கள். அப்புறம் பிடிவாதம் பிடித்து, மீதிப் பத்து இறக்கத்தையும் முடித்துக்கொண்டுதான் மனுஷன் கரை திரும்பினார். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு!

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப் போறீங்க? தம்பி தானா பெல்ட்டைக் கழட்டியிருக்கவே மாட்டான். அவன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியாதா?"

"கழட்டினான். நான் என் கண்ணால பார்த்தேன்."

அழுகைச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பழியைச் செத்தவன் தலையில் போட்டால் அவனா வந்து மறுத்துப் பேசப் போகிறான்? பத்துக் கோட்டையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

பதினோராவதாக ஒரு கோப்பு திறந்தது. அப்படி ஓர் இறக்கமே நடக்கவில்லை. ஆழம் பூஜ்யம். அங்கே ஒரு கோடு. அழித்தார். மைனஸ் இரண்டில் இன்னொன்று. கடல்மட்டத்துக்கு மேலே. அழித்தார். மைனஸ் நான்கு. மாடிப்படியில் சொத், சொத்தென்று ஈரக்கால் சத்தம். ஆய்வகம் இரண்டாவது மாடியில். மைனஸ் ஆறு. வாடை அறை முழுக்க ஏறியது. மைனஸ் எட்டு.

சத்தம் நின்றது.

கதவு திறக்கவில்லை. தரையில் கயிறுதான் நகர்ந்தது. ஒரு வளையம். இன்னொன்று. யாரோ பொறுமையாகக் கையால் விடுவதைப் போல.

எழுந்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் குனிங்க அத்தான்." மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது, எப்போதும் போல மரியாதையாக. "கயிறு இறுகுது."

குனிந்தார். மேசைக்கடியில் தரையே இல்லை. தண்ணீர். கரேலென்று, அடி தெரியாத தண்ணீர். அவர் கணுக்காலைச் சுற்றிய கயிறு அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊறி வெளுத்துத் தோல் உரிந்த இரண்டு கைகள் அதைத் தளர விட்டுக்கொண்டிருந்தன.

பிறகு, விடுவதை நிறுத்தின. கயிறு இறுகியது.