தாளின் பின்பக்கம்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: முதுகுப் பையில் ஸ்கேனரும் கையில் தாள் கிழிக்கும் மெஷினுமாக நனைந்து வந்த பெர்மெத். காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்த மிர்லான். பாஷா என்ற சாம்பல் பூனை. சுவரில், சட்டத்துக்குள், மிர்லானின் அம்மா. அவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அங்கே இருந்திருக்கக் கூடாத ஆள் ஒருத்திதான். பெர்மெத்.

அவள் போக வேண்டியது ஆறாவது குடியிருப்பில் 27/1. போய் நின்றது 27. பிஷ்கெக்கில் தபால்காரர்களே செய்கிற தப்பு. அன்றைக்கு ஏப்ரல் மழை வேறு… வீட்டு எண் பலகை மேல் பாப்லர் மரத்தின் கிளை ஒன்று ஈரத்தோடு சாய்ந்து கிடந்தது. நாலு மாடி ஏறி மணி அடித்தாள்.

கதவு திறந்தது. முதலில் அவள் பார்த்தது கண்களைத்தான். தூக்கம் போதாமல் ஓரம் சிவந்த, யாரையோ பார்த்துக்கொண்டே வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற கண்கள்… அவை அவள் மேல் வந்து நின்ற பிறகு கொஞ்சம் அதிக நேரம் நின்றன. அவள் இமையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. துடைக்கக் கை காலியாக இல்லை.

காகிதம் சுத்தம் பண்ண வந்திருப்பதாகச் சொன்னாள். அக்கா சொல்லிவிட்டாளா என்று அவன் கேட்டான். சொல்லிவிட்டார் என்றாள். அவள் சொன்ன அக்கா, 27/1-இல் இருக்கும் ராகத் என்ற வக்கீல் அம்மா; தம்பி கதவைத் திறப்பான் என்று போனில் சொல்லியிருந்தார். அவன் கேட்ட அக்கா அவன் சொந்த அக்கா. அந்த அறையைத் துடைக்க ஆள் அனுப்புகிறேன் என்று ஒரு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தவள்.

"அந்த ரூம்தாங்க. எது வேணும் எது வேணாம்னு எனக்கே தெரியல… உங்க பொறுப்பு," என்று சொல்லிவிட்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் பெர்மெத் தொழில் நடத்தினாள். வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருப்பவர்களின் காகிதக் குப்பையை ஒழிப்பது அவள் வேலை. விதிகள் மூன்று. எந்தக் காகிதத்தையும் ஒருமுறைதான் தொட வேண்டும். ஸ்கேன் செய்ததைக் கிழித்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் காகிதத்தைப் படிக்கக் கூடாது. அவள் சொந்த வீட்டில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கணினி. வேறொன்றும் கிடையாது. விசிட்டிங் கார்டுகூடக் கிடையாது.

அந்த அறையில் தரை தெரியவில்லை. எழுதிய தாள்கள் ஜன்னல் வரைக்கும் அடுக்கடுக்காக. எல்லாம் ஒரு பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கும் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். பெர்மெத் ஸ்கேனரை ஒரு பக்கத்துக்கு வைத்தாள். மேசை மேல் டைமரை வைத்துத் திருகினாள். தாள்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போகத் தொடங்கின.

டைமர் கிணுகிணுத்தபோது அவன் இரண்டு கிண்ணங்களில் டீ கொண்டுவந்தான். தட்டில் ஆப்ரிகாட் ஜாமும் எண்ணெயில் பொரித்த நாலு மாவுத் துண்டுகளும்.

"என்னங்க அது… முட்டை வேகவச்சிருக்கீங்களா?"

"இருபத்தஞ்சு நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வு. அப்பதான் வேலை ஓடும்."

"எனக்கும் அதே கணக்குதான். மாத்திப் போட்டுக்குவேன்."

அவள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். அவன் துருக்கி சீரியல்களைக் கிர்கிஸ் மொழிக்கு மாற்றி எழுதுகிறவன் என்று தெரிந்தது. குரல் கொடுப்பவர்கள் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்களாம், அதனால் பென்சிலும் தாளும்தான். இதுவரை முந்நூறுக்கு மேல் காதலைச் சொல்லியாயிற்று என்றான். சொந்தமாக எத்தனை என்று அவள் கேட்க நினைத்தாள்… ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது. இது வக்கீலின் தம்பி போல, வேலையை இங்கே வைத்திருக்கிறான் என்று அவளே ஒரு காரணம் கட்டிக்கொண்டாள். நனைந்து வந்த மூளைக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் முந்நூறு தாள் ஸ்கேன் ஆனது. மெஷினைத் தட்டிவிட்டு முதல் கட்டைக் கிழிக்கத் தொடங்கினாள். பதினொன்றாவது தாள் உள்ளே போகும்போது போன் அடித்தது. ராகத் அம்மா. காலையிலிருந்து காத்திருக்கிறேன், எங்கே போய்த் தொலைந்தாய் பெண்ணே என்று கேட்டார்.

பெர்மெத் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் சுவரில் 27/1 என்று பெரிதாக எழுதியிருந்தது. 27/1-க்குப் பதிலாக 27-க்கு வந்துவிட்டேன் என்று போனில் சொன்னாள்.

அவள் திரும்பியபோது அவன் வாசலில் நின்றான். கையில் இரண்டாவது டீ. அவன் கண் மெஷினுக்கடியில் கிழிசல் விழும் கூடையில் இருந்தது.

கிண்ணங்களைத் தரையில் வைத்தான். மண்டியிட்டான். மிச்சமிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பினான். பின்பக்கத்தில், பெரிய கோணல் எழுத்தில், ஒரு வரி: *இடது பர்னர் ஒழுகுது. நானே பார்க்கணுமா?*

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போயிற்று. கடைசி ஒரு வருஷம் அவர் பேசியதெல்லாம் மகனுடைய தாள்களின் பின்பக்கத்தில்தான். கைக்கு எட்டிய தாளை இழுத்து எழுதிக் காட்டுவார். அவன் படித்துவிட்டு, அதே தாளில் அடுத்த காட்சியைத் தொடர்வான். ஒன்றையும் எறியவில்லை. தனியாக எடுத்து வைக்கவும் இல்லை. அந்தத் தப்பு அவனுடையது, அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிப் பேசினான்.

"பின்னாடி திருப்பிப் பாக்கணும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?"

"உங்க பொறுப்புன்னு சொன்னீங்க."

"உங்களுக்கு யாரும் கையால எதுவும் எழுதிக் குடுத்ததே இல்லபோல. அதான் தெரியல."

குரலை உயர்த்தவில்லை அவன். உயர்த்தியிருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். அது உண்மையாக இருந்ததுதான் பிரச்சினை. இருபத்தொன்பது வயதில், அவள் யோசித்துப் பார்த்தால், ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை. பிறந்தநாள் வாழ்த்து, வேலை, முறிந்துபோன நிச்சயதார்த்தம்… எல்லாம் போன் திரையில் வந்து போனவை.

"போங்க," என்று சொல்லி அவன் சமையலறைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

பெர்மெத் மன்னிப்புக் கேட்கவில்லை. கூடையிலிருந்த கிழிசல்களைப் பையில் கொட்டிக் கட்டினாள். சொல்லாமல் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஒரு தாளுக்கு முப்பத்தைந்து துண்டு. பதினொரு தாள்.

மறுநாள் வாடிக்கையாளர் யாரையும் பார்க்கப் போகவில்லை. பசையும் ஒட்டும் டேப்பும் வாங்கப் போனாள். தெருமுனைக் கடைக்காரிக்கு அவளைத் தெரியும். காகிதத்தைக் கிழிக்கிறவள் ஒட்டக் கிளம்பிவிட்டாயே, மதம் மாறிவிட்டாயா என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தாள். காலியாக இருந்த மேசை முதல் நாளே நிறைந்தது. இரண்டாம் நாள் தரையில் பரப்பினாள். முன்பக்கத்துக்கு ஸ்கேன் இருந்ததால் அதைத் திரையில் வைத்துக்கொண்டு துண்டுகளை வரிசைப்படுத்தலாம். வரிசை சேர்ந்ததும் திருப்ப வேண்டும்… அப்போதுதான் அம்மா பேசுவார்.

*நாலு மணி நேரமா எழுந்திரிக்கல. தண்ணி குடி.*

*பாஷாவுக்கு மீன் வேணாம். நேத்து வாந்தி.*

*பாட்டிலை மூடாம வைக்கிறவன் வீட்டுக்கு எவ வருவா?*

டைமரை அவள் இழுப்பறையில் போட்டுவிட்டாள். ஒரே துண்டை இருபது முறை தொட்டாள். படிக்கக் கூடாது என்ற விதி எப்போது போயிற்றென்றே தெரியவில்லை. ஏழாவது தாளை ஒட்டி முடித்த மத்தியானம், அதைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

*எல்லா சீரியல்லயும் அவன் பேசுறான். நீ எழுதித் தரதத்தான் பேசுறான். நீ எப்பப் பேசப் போற?*

அந்த மனுஷன் பிறகு என்ன செய்தான்? பென்சிலை எடுத்து அடுத்த காட்சியை எழுதியிருப்பான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வருவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று யோசித்தபோதுதான்… சரி, விஷயம் இதுதானா என்று புரிந்தது. அவன் முகத்தை அவள் பார்த்தது மொத்தம் அரைமணி நேரம் இருக்காது. ஆனால் அவன் எப்போது சாப்பிட மாட்டான், எதற்கு எரிந்து விழுவான், எந்த ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவான் என்பதெல்லாம் அவனைப் பெற்றவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் பதினொரு தாளும் எழுந்தன. கடைசித் தாளில் நட்டநடுவில் ஒரு துண்டு மட்டும் இல்லை. பையை உதறினாள், பெருக்கிப் பார்த்தாள். இல்லை.

மே மாத மழை. அதே நாலு மாடி. இந்த முறை எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மணி அடித்தாள். கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும்… அவ்வளவுதான் திட்டம்.

கதவைத் திறந்தவன் ஹெட்போனைக் கழற்றினான். கழுத்தில் போடாமல் ஆணியில் மாட்டினான். அதற்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.

அவள் தாள்களை நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"வாசப்படிக்கு மேல எதையும் வாங்கக் கூடாது. எங்கம்மா சுவத்துல இருந்து பாத்துட்டிருக்காங்க… உள்ள வாங்க."

அவள் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். கதவு அவள் பின்னால் திறந்தே கிடந்தது.

அவன் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தான். ஐந்தாவது தாளுக்குமேல் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெர்மெத் பூனையைப் பார்த்தாள். அழுகிற ஆணைப் பார்க்காமலிருப்பதுதான் மரியாதை என்று அவளுக்குப் பட்டது. சற்றுப் பொறுத்து, கடைசித் தாளில் ஒரு துண்டு குறைகிறது, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். அதற்குள்ளிருந்து ஒரு நீளத் துண்டை.

"மேசைக்கடியில ஒட்டியிருந்துச்சு. மத்ததெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன். இத வச்சுக்கிட்டு உங்களத் தேடாத எடமில்ல… 27/1-க்குப் போனேன், அந்தம்மா ஓஷ் ஊருக்கு, மகள் வீட்டுக்குப் போயிட்டாங்களாம். அவங்க தம்பிக்கு உங்க பேரு மட்டும்தான் தெரிஞ்சுது, விசிட்டிங் கார்டுகூடக் கிடையாதுன்னாரு. காகிதமே வச்சுக்காத ஆள எந்தக் காகிதத்துல தேடுறது?"

"திட்டவா தேடுனீங்க?"

"மொத வாரம் திட்டறதுக்குத்தான்."

இரண்டாம் வாரம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் கையில் வைத்தான். பென்சில் எழுத்து. ஏதோ ஒரு சீரியல் நாயகன் கடற்கரையில் நின்று காதலைச் சொல்லும் காட்சி. முழுதும் குறுக்கே அடித்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னாடி," என்றான்.

திருப்பினாள்.

*பெர்மெத்துக்கு. யாரும் எதுவும் எழுதிக் குடுத்ததில்லபோலன்னு சொன்னது தப்பு. அதுக்குத்தான் இது. நனைஞ்ச இமையோட நீங்க நின்னது கண்ணை விட்டுப் போகல. மூணு வாரமா எவன் வசனத்தையும் எழுத முடியல. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. வாயால சொல்ல வரல. மிர்லான்.*

மழைச் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்தாள். ஸ்கேன் எடுக்கவில்லையா என்று அவன் கேட்டான், கேலி செய்கிற மாதிரி. கேலியாக வரவில்லை.

"இல்ல. எங்க வீட்டுல எடம் நெறைய இருக்கு." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு எத்தன மணிக்குத் தண்ணி குடுக்கணும்ங்கிற வரைக்கும் அம்மா சொல்லிட்டாங்க… நீ எப்பப் பேசப் போறன்னு கேட்டாங்களே, அதையும் படிச்சேன். எழுதுனா போதாது. வாயால சொல்லு."

நீ என்று வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள்.

அவன் வாயைத் திறந்தான், மூடினான். முந்நூறு நாயகர்கள் கைவிட்ட முகம். கடைசியில், "போகாத, பெர்மெத்," என்றான்.

அது போதும்.

அவள் மேசையில் கடைசித் தாளை விரித்து, அந்தத் துண்டை நடுவில் வைத்து அழுத்தினாள். கோணல் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. *விருந்தாளி வந்தா பேச்சு சுவாரசியத்துல நிக்காத. கதவைப் பூட்டு. பாஷா ஓடிடும்.*

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பாஷா வாசப்படியில் முன்னங்கால் வைத்து, மாடிப்படியை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா சொல்றதக் கேளு," என்றாள் பெர்மெத்.

அவன் போய்ப் பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் அத்தனை நேரமாகத் திறந்து கிடந்த கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.