டேங்க் கழற்றிய வண்டி

பெட்ரோல் கேனைக் கொண்டுபோய் அந்த வண்டிக்குள் வைத்தது பாலகுருதான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம், அல் குசைஸ் கராஜ் வாசலில் தீயணைப்பைக் கவனிக்கும் சிவில் டிஃபென்ஸ் இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றது. மூடியில்லாத கேனோடு அகப்பட்டால் அபராதம். பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை என்று வந்திருந்த கறுப்பு அமெரிக்க வண்டி, எழுபதாம் வருஷத்தது, இரண்டே கதவு, பக்கத்தில்தான் நின்றது. அதன் முன்சீட்டை மடக்கி, கேனைப் பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து, சிரிக்க வைத்து அனுப்பினான். திரும்பி வந்து பார்த்தால் கேன் குப்புறப் படுத்திருந்தது. ஐந்து லிட்டரையும் சீட் குடித்திருந்தது.

பெட்ரோலை ஒளித்து வைக்க உலகத்திலேயே மோசமான இடம் எது என்று கேட்டிருந்தால், பதினோரு வருஷ மெக்கானிக் பாலகுரு டக்கென்று சரியான பதிலைச் சொல்லியிருப்பான். கேட்கத்தான் ஆளில்லை.

ஏற்கெனவே இரண்டு வார்னிங் வாங்கியாயிற்று. மூன்றாவது என்றால் விசா கேன்சல். யாரிடமும் சொல்லாமல் பின் சீட்டைக் கழற்றிச் சோடா உப்பு போட்டுத் தேய்த்து, ஷாம்பு போட்டு அலசி, மெஸ்ஸிலிருந்து திருடி வந்த காப்பித்தூளைக் கொட்டிப் பின்பக்கம் காயவைத்தான். காலையில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தான். காப்பி. வெறும் காப்பி. இனிமேல் இதில் யார் உட்கார்ந்தாலும் டிகாக்‌ஷன் இறங்கும் என்று நினைத்துக்கொண்டே வண்டிக்குள் தலையை விட்டான்.

பெட்ரோல் வாடை நேற்றைவிடக் கெட்டியாக அடித்தது.

"பாய், இதுல வாடை அடிக்குதா பாருங்க."

ஃபோர்மேன் சாதிக் பாட்ஷா கீழக்கரைக்காரர், எந்த என்ஜினையும் மோந்தே நோய் சொல்லக்கூடியவர். வண்டிப் பக்கமே திரும்பாமல், "எனக்குச் சளி" என்றார்.

"காலைல சாம்பாருக்கு உப்புப் பத்தலைன்னு வாசத்துலயே சொன்னீங்களே பாய்."

"அது சாம்பாரு. வாய மூடிட்டு வேலையப் பாருப்பா குரு. நான் ஜும்மாவுக்குப் போறேன். தொழுகை முடிஞ்சதும் யஹ்யா நேரா இங்கதான் வருவாரு. வந்தா பகூர்த் தட்ட உள்ள வச்சு அஞ்சு நிமிஷம் கதவச் சாத்துவாரு. எந்த வெள்ளிக்கிழமையும் தவறுனது இல்ல. வண்டி ரெடியா இருக்கணும்."

பகூர் என்றால் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டின் மேல் மணக்கட்டை போட்டுப் புகைப்பது. நெருப்பு. மூடிய வண்டிக்குள். யஹ்யாவுக்கே போன் போட்டான். வண்டியின் முதலாளி, அறுபது வயசு அரபி, மெக்கானிக்குகளிடம் பேசிப் பேசியே இந்தி கற்றவர்; அவர்களுக்கு அவர் அர்பாப், எஜமான்.

"அர்பாப், வண்டியில முன்னாடியும் பெட்ரோல் வாடை இருந்துச்சா?"

"பழைய வண்டிக்கு வாடை. கிழவனுக்கு இருமல். எல்லாம் ஒண்ணுதான்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

'நான் கொட்டிட்டேன், நெருப்புக் கொண்டு வராதீங்க' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விசாவை நினைத்து உள்ளே போய்விட்டது.

ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் போனார்கள். தகரக் கூரைக்கு மேல் ஆகஸ்ட் வெயில் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருக்க, தெருவில் ஒரு வண்டிச் சத்தமும் இல்லாமல், ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் எண்ணெய்க் கறைத் தரையில் கோடு கோடாக விழுந்து கிடக்க, பாலகுரு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். டேங்கைக் கழற்றி எதிர்ச் சுவரோரம் உருட்டி வைத்தான். பம்ப், காய்ந்திருந்தது. கார்புரேட்டரைத் திறந்து துடைத்தான், காய்ந்திருந்தது. வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது.

வாடை ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியாகப் புகை மெஷின். பெட்ரோல் போகும் குழாயில் ஒரு பக்கம் வெள்ளைப் புகையை ஊதிவிட்டால், எங்கே ஓட்டையோ அங்கே எட்டிப் பார்க்கும். டிரைவர் பக்கக் கதவு, வண்டி தூக்கும் லிஃப்ட்டின் தூணோடு ஒட்டி நின்றதால், மறுபக்கக் கதவு வழியாக ஏறி, நகர்ந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தி, ரிமோட்டில் மெஷினை ஓடவிட்டான். டார்ச்சைப் பின்னால் திருப்பினான்.

முதலில் எதுவும் இல்லை. நேற்றுவரை சீட் இருந்த இடத்தில் இப்போது வெறும் தகரம்தான்.

அப்புறம் வந்தது. தரையிலிருந்து இல்லை. குழாய்ப் பக்கமிருந்தும் இல்லை. ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால் அவன் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில், வெட்டவெளியில், நூல் மாதிரி ஒரு புகை.

நீண்டது. நின்றது.

திரும்ப உள்ளே போனது.

காற்றாக இருக்கும் என்றான் பாலகுரு, சத்தமாக. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. தன் மூச்சாக இருக்கும் என்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். பத்து எண்ணினான்.

புகை வந்தது. போனது.

ரிமோட்டில் மெஷினை நிறுத்தினான்.

வந்தது. போனது.

ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. எகிறிக் குதிக்கப் போனவனுக்கு முன்னால் மறுபக்கக் கதவு திறந்தது. யஹ்யா. வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் பகூர்த் தட்டு, அதில் செக்கச்செவேலென்று கரி. வழக்கப்படி குனிந்து அதை உள்ளே நீட்டினார்.

"ஐயோ, வேணாம் அர்பாப்!"

குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுசையும் கரியின் மேல் கவிழ்த்தான். சுர்ரென்று சாம்பல் பொங்கியது. கரி கறுத்தது.

"நான்தான் நேத்து பெட்ரோலக் கொட்டினேன்," பாலகுருவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஊருக்கு அனுப்பிருங்க, பரவாயில்ல. நெருப்பு மட்டும் வேணாம். நீங்க செத்துப் போயிருவீங்க."

யஹ்யா கோபப்படவில்லை. அணைந்த கரியைப் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"அவன் சீட் எங்கே?"

"வெளிய காயுது."

அவர் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார். ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி.

பின்னால் தகரம் ஒருமுறை நெளிந்து நிமிர்ந்தது, யாரோ எழுந்த மாதிரி.

பாலகுருவுக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் இருந்த முன்சீட்டின் ஸ்பிரிங் முனகியது. தோல் உறை அமுங்கியது. மெல்ல. பார்த்துப் பார்த்து உட்காருகிறவர்கள் உட்காருவது போல.

"அர்பாப்." பாலகுரு தூண் பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டான். "எல்லாரும் மழுப்புறீங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க. இந்த வண்டில என்ன இருக்கு?"

யஹ்யா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"என் தம்பி. ஆறு வருஷம் முன்னாடி மணல்ல வண்டி கவிழ்ந்தது. நான் வெளிய வந்துட்டேன். அவன் பின்னாடி மாட்டிக்கிட்டான். டேங்க் உடைஞ்சு விடியற வரைக்கும் அவன் மேலயே சொட்டிச்சு. அதைத்தான் மூச்சா இழுத்தான். ஒரு பொறி பட்டா எரிஞ்சுருவோம்னு கத்திக்கிட்டே இருந்தான். நெருப்புன்னா அவனுக்கு இன்னைக்கும் பயம். வாரம் ஒரு தடவை கரியைக் காட்டினா, அவன் இடத்தை விட்டு நகர மாட்டான்."

அவர் இன்னும் ஓரடி பின்வாங்கினார்.

"இப்ப நகர்ந்துட்டான்."

பாலகுருவின் வலது தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அந்த வெந்து போன மத்தியானத்தில், ஐஸ் மாதிரிச் சில்லென்று. சட்டைத் துணியில் அது வட்டமாகப் பரவி, ஆவியாகி, மூக்கில் ஏறியது.

இன்னொரு சொட்டு. கழுத்தில்.