கதவு மாறி வந்த அடுப்புக்காரன்

தன் ஓவனுக்குள் முன்பின் தெரியாத ஒருவன் தலையை விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் எந்தச் சமையல்காரிதான் சும்மா இருப்பாள்?

அவளும் இருக்கவில்லை. ஒரு கையில் கறிக்கடைப் பை, மறு கையில் தண்ணீர் சொட்டும் குடை... அந்தக் குடையின் நுனியாலேயே அவன் முதுகில் ஒரு குத்து வைத்தாள்.

"யோவ்! யாருய்யா நீ? என் ஓவனுக்குள்ள என்ன தேடுற?"

உள்ளே 'ணங்'கென்று ஒரு சத்தம். பாவம், மண்டை இடித்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஒரு தலை வெளியே வந்தது. மூக்கு நுனியில் கரி. அந்தக் கரிக்கு மேலே இரண்டு கண்கள்... அட, என்ன கண்கள் அவை! வெளியே மழை கழுவிவிட்டிருந்த ஜன்னல் கண்ணாடி மாதிரி அத்தனை தெளிவு. திருடனுக்கு இப்படி ஒரு கண் இருக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது அவளுக்கு. தோன்றியதற்காகவே கோபம் இரண்டு மடங்கானது.

"மெக்கானிக்ங்க... ஓவன் வேலை செய்யலன்னு போன் பண்ணியிருந்தீங்களே..."

"நானா? நான் எப்போ பண்ணேன்?"

"முன்னாடி கல்லாவுல இருக்கறவர்தான் உள்ள போகச் சொன்னாரு..."

முன்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நீதான் வரச் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன் பாப்பா! கதவு சரியா மூடலன்னு தினமும் அதைத் திட்டிக்கிட்டே இருப்பியே!"

அவள் பதில் சொல்வதற்குள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்துக் கடை பேக்கரி அக்கா ஓடி வந்தாள். "ஏம்ப்பா, ஓவன் பார்க்க வரேன்னவன் எங்கப்பா தொலைஞ்சே? அங்க மாவு பொங்கி வழியுது, என் அடுப்பு ஜில்லுன்னு கிடக்குது! நீ என்னடான்னா இங்க உக்காந்து கதை பேசிட்டிருக்க!"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கும் பேக்கரிக்கும் ஒரே தகரக் கூரை, பக்கத்துப் பக்கத்தில் கதவு. மனிதன் கதவு மாறி வந்துவிட்டான். வந்தவன் யாரும் கேட்காத ஓவனைப் பிரித்து வேறு போட்டிருக்கிறான்.

"சாரிங்க... மழையில தெரியாம..." என்று தன் கருவிப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "கதவு கீலை மாத்திட்டேன், இனிமே நல்லா மூடும். அப்புறம் முக்கியமா ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னைக்கு எனக்கு இருக்கற வேலைக்கு உங்க கதையைக் கேக்க நேரமில்ல. கிளம்புங்க."

"இல்லங்க, அந்த ஓவன்ல..."

"கிளம்புங்கன்னேன்ல!"

கிளம்பிவிட்டான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்...

அவளுடைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அது அந்தத் தெருவுக்கே தெரிந்த காரணம்தான். நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்த அப்பாவை, அடுப்புச் சூட்டில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ பிடித்த பிடியை விடாத மனிதர். கெஞ்சி, அழுது, சாப்பிடாமல் கிடந்து அவரைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தாள். அதற்கும் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"இன்னைக்கு மத்தியானம் முழுச் சமையலும் உன் பொறுப்பு. ஒரே ஒரு தட்டு குறைன்னு திரும்பி வந்தாலும் சரி... நாளையிலேருந்து நான்தான் அடுப்படியில நிப்பேன். டாக்டர் தடுத்தாலும் நிப்பேன்."

சொன்னால் செய்வார். அதுதான் அவளுடைய பயம். ஒரு தட்டில் அப்பாவின் உயிர் இருந்தது.

கடையின் பெயர்போன சமையல் பன்றிக்கறி ரோஸ்ட். பன்றியின் முதுகெலும்புக்கு உள்பக்கமாக மெத்தென்று நீளமாக ஒரு துண்டு இருக்குமே, அந்தக் கறி. அதை உப்பு மிளகு தடவி, வாணலியில் நாலு பக்கமும் சிவக்கப் புரட்டி, ஓவனுக்குள் தள்ள வேண்டும். வெந்து வரும் நேரத்தில் தேனும் சோயா சாஸும் நசுக்கிய பூண்டும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய சாஸை மேலே பூசினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். தொட்டுக்கொள்ளத் தனியாக ஒரு கிண்ணத்தில் கடுகு அரைத்துச் சேர்த்த ஆப்பிள் சாஸ். நாக்கில் முதலில் இனிப்பு, பின்னாலேயே உப்பு, கடைசியில் சுருக்கென்று ஒரு காரம்... ஒரு தடவை சாப்பிட்டவர்கள் மறுபடி வராமல் இருந்ததில்லை.

அந்தக் கடையில் கறியை வெட்டாமல் முழுத் துண்டாகத்தான் பரிமாறுவார்கள். முதல் வெட்டு சாப்பிட வந்தவருடையது என்பது அப்பா வைத்த சட்டம். சமைத்தவள்கூட உள்ளே கத்தியை வைத்துப் பார்க்கக் கூடாது.

வழக்கம்போல ஓவனில் சூடு வைக்கும் திருகை, அப்பா சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருந்த இடத்தில் வைத்தாள். நூற்று அறுபது டிகிரி. சாஸ் பூசினாள். வெளியே எடுத்து ஆறவும் விட்டாள். பளபளப்பு கொஞ்சம் குறைகிறதே என்று தோன்றியது. தேன் சரியில்லையோ... இல்லை, அந்தக் கரி மூக்குக்காரனை நினைத்துக்கொண்டே பூசியதாலா? சீ, அவனை ஏன் நினைக்க வேண்டும்!

முதல் தட்டு வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியின் பின்கதவு மெல்லத் திறந்தது. மழைக்கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு... அவனேதான்!

"மறுபடியும் கதவு மாறிட்டீங்களா?" என்றாள் இடுப்பில் கை வைத்து.

"மெதுவா பேசுங்க..." அவன் மழைக்கோட்டை விலக்கினான். உள்ளே ஒரு தட்டு. தட்டில் அவள் அனுப்பிய கறி. நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ளே... ஐயோ! வேகவே இல்லை. பச்சை ரத்தச் சிவப்பு.

அவள் தட்டைப் பிடுங்கி வெட்டை விரித்துப் பார்த்தாள்.

"அந்த முதல் தட்டு எனக்குத்தான் வந்துச்சு. உங்க அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்ல வந்தேன். 'முதல்ல சாப்பிடு, பேச்சு அப்புறம்'னு உக்கார வச்சிட்டாரு. காலையில அவர்தான் அந்த நிபந்தனையையும் சொன்னாரு. அதான்..." அவன் மூச்சு வாங்கினான். "தட்டு திரும்பி வரலங்க. நான் சாப்பிட இடம் மாறி வந்திருக்கேன். அவ்வளவுதான்."

"எப்படிங்க வேகாம போகும்? தினம் வைக்கிற சூடுதானே வச்சேன்!"

"அதைத்தான் காலையில சொல்ல வந்தேன். உங்க ஓவன் நூத்தி அறுபதுன்னு காட்டிட்டு இருநூறுல எரிஞ்சிட்டிருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டேன். இப்போ நூத்தி அறுபதுன்னா நிஜமாவே நூத்தி அறுபதுதான்."

இத்தனை வருஷமாக அப்பாவின் சிவப்புக் கோடு ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது! அதை ஒருவன் உண்மையாக்கிவிட்டான். அதைச் சொல்ல வந்தவனின் வாயை அவளே அடைத்துவிட்டாள்.

"இருநூறுல வச்சு மறுபடி உள்ள தள்ளுங்க. வேற யாருக்கும் இன்னும் போகலல்ல? நேரமாகும்... வெளியில நான் பார்த்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. திருகைத் திருப்பினாள். கறித் துண்டுகளை உள்ளே தள்ளினாள். மறுபடி சாஸைக் கிண்டினாள். முன்பக்கத்தில் அவன் குரல் கேட்டது... கணீரென்று.

"எல்லாரும் கொஞ்சம் மன்னிக்கணும். காலையில இந்த ஓவனைக் கேக்காம பிரிச்சு மாத்தினது நான்தான். அதனாலதான் சாப்பாடு லேட். சமைக்கறவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அடப்பாவி! அப்பா அங்கேதானே இருக்கிறார்...

நாற்காலி நகரும் சத்தம். அப்பா அடுப்படிக்குள் வந்துவிட்டார். முகம் இறுகியிருந்தது. அவருக்குப் பின்னால் அவன், கையைப் பிசைந்துகொண்டு. மேசை மேல் அந்தப் பச்சைக் கறித் தட்டு. அப்பாவின் கண் நேராக அதில் போய் விழுந்தது.

"இது வெளிய போன தட்டா?"

"இல்லங்க, அது நான்..." என்று தொடங்கினான் அவன்.

"ஆமாம்பா" என்றாள் அவள். அப்பாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. "வேகாம அனுப்பிட்டேன். திரும்பி வந்திடுச்சு."

அப்பா ஆணியில் தொங்கிய தன் பழைய ஏப்ரனை எடுத்தார். ஆத்திரம் எல்லாம் பக்கத்தில் நின்றவன் மேல் பாய்ந்தது.

"யாரு உங்களைப் பேசச் சொன்னா? யாரு ஓவனைத் தொடச் சொன்னா? உங்களாலதான் எல்லாம்! போங்க... என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காலையில் அத்தனை தெளிவாக இருந்த கண்கள் கலங்கியிருந்தன. பின்கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போய்விட்டான்.

அவன் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம்.

அப்பா ஓவன் முன்னால் போய் நின்றார். கை பழக்கத்தில் சிவப்புக் கோட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. திருகு இருநூறில் இருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே, சரியான சமயத்தில் கதவைத் திறந்து கறியை எடுத்தாள். மேலே பூசிய சாஸ் அப்படியே இறுகிப் பளபளத்தது. தேனும் பூண்டும் கலந்த மணம் அடுப்படி முழுக்க எழும்பியது.

அப்பா அந்தக் கறியைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். பிறகு, வீட்டில் யாருமே பார்த்து வெகுநாளான ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எனக்குத் தெரிஞ்சது அந்தப் பொய் சொல்ற ஓவன்தான் பாப்பா. இதுல எத்தனை சூடு, எவ்வளவு நேரம்... எனக்கு ஒண்ணுமே தெரியாது. உனக்குத்தான் தெரியும்." ஏப்ரனை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். "போ, தட்டுங்களை எடு. ஜனங்க பசியோட உக்காந்திருக்காங்க."

அவள் அழுதாள். அழுதுகொண்டே பரிமாறினாள். அன்று அதற்குப் பிறகு ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

ஆனால் அவனும் வரவில்லை...

போய்க் கூப்பிடலாம்தான். என்ன முகத்தோடு போவது? வாய்க்கு வந்தபடி திட்டியவள் அவள்தானே! தினமும் ஓவனை இருநூறுக்குத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கலங்கிய கண்கள் வந்து நின்றன. வாசலில் எவனாவது பையோடு நடந்தால் தலை தானாக நிமிர்ந்தது. கல்லாவிலிருந்து அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி சில்லறை எண்ணினார்.

கடைசியில் பேக்கரி அக்காதான் போட்டு உடைத்தாள். "பாவம்டி அந்தப் பிள்ளை. என் ஓவனைப் பார்க்க வந்தா பின்பக்கச் சந்து வழியாத்தான் வருது. உங்க கடை முன்னாடி நடக்கவே அதுக்குக் கூச்சம். இப்பகூட உள்ளதான் இருக்கு..."

அவ்வளவுதான். அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்த கறியைத் தட்டில் வைத்து மூடி, கத்தியையும் எடுத்துக்கொண்டு, குடைகூட இல்லாமல் சந்துக்குள் ஓடினாள். மழை மெலிதாகத் தூறிக்கொண்டிருந்தது. பேக்கரியின் பின்படியில் அவன் உட்கார்ந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடத் தயாரானான்.

"உக்காருங்க!"

உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா... அடுப்படியில நிக்கறாரா?" என்று கேட்டான் தரையைப் பார்த்து. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லங்க. அவருக்கு ஏதாவது ஆயிட்டா..."

"நிக்கல. அன்னைக்கே ஏப்ரனை எனக்கு மாட்டிவிட்டுட்டாரு."

"நிஜமாவா?"

"நிஜமா. நீங்க சரிபண்ணின ஓவன் அவருக்குப் புரியலயாம்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமந்திருக்கிறான்! பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துத் திறந்தாள். அவன் கை கத்திக்குப் போனது.

"பொறுங்க... இன்னும் ஆறணும். இப்பவே வெட்டினா சாறெல்லாம் ஓடிடும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் மன்னிப்புக் கேக்கறேன். அன்னைக்கு அப்படித் திட்டியிருக்கக் கூடாது."

"திட்டினதை விடுங்க..." அவன் ஸ்பானரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நானும் ஒண்ணு ஒத்துக்கணும். மழையில தெரியாம கதவு மாறிட்டேன்னு சொன்னேன்ல... பொய்ங்க. பேக்கரி போர்டு எனக்கு நல்லாவே தெரிஞ்சது."

"அப்புறம்?"

"அந்த நேரம் பார்த்து நீங்க குடையை விரிச்சுக்கிட்டு வெளிய வந்தீங்க. காத்துல குடை மடங்கி மேல திரும்பிக்கிச்சு. நீங்க நடுத்தெருவுல நின்னு அதைத் திட்டினீங்க பாருங்க... ஒரு திட்டு! நான் உங்களையே பார்த்துக்கிட்டு, நீங்க வந்த கதவுக்குள்ள போயிட்டேன். உள்ள போனப்புறம்தான் இது பேக்கரி இல்லன்னே தெரிஞ்சது. வெளிய வந்திருக்கலாம். நீங்க திரும்பி வருவீங்களேன்னு... ஓவனைப் பிரிச்சு உக்காந்துட்டேன்."

தூறல் தகரக் கூரையில் தாளம் போட்டது. அவள் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

"ஆறிடுச்சு" என்றாள் மெல்ல. "வெட்டுங்க."

வெட்டினான். உள்ளே மிருதுவாக, பதமாக வெந்து, சாறு மினுங்கியது. ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி?"

"முதல்ல இனிக்குது. அப்புறம் சுருக்குங்குது..." கண்ணைத் திறந்தான். "உங்களை மாதிரி."

"பேச்சைப் பாரு..." என்று சிரித்தவளுக்குத் திடீரென்று கண் நிறைந்தது. எல்லா வீம்பும் அந்த மழையோடு எங்கேயோ கரைந்துபோயிருந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. அந்தக் கரி மூக்கோட பார்த்த அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. அதுக்குத்தான் அவ்வளவு கோபம் வந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் பாய்ந்து வந்தது.

"பாப்பா! கறி ஆறினது போதும்! அந்தத் தம்பியை முன்வாசல் வழியா கூட்டிட்டு வா. இந்தத் தடவை கதவு மாறிடாம!"

அவன் தட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டான். மறு கையை, கொஞ்சம் தயங்கி, அவள் பக்கம் நீட்டினான்.

"மாறாது சார்!" என்று உரக்கச் சொன்னான். "அந்த ஒரு கதவுதான் எனக்குத் தெரியும்."