முதலில் கேட்டதா, இப்போது கேட்டதா?

"இதை யாருங்க தொட்டது?"

கீபோர்டின் மேல் வைத்த விரலை எடுக்காமலே அவன் கேட்டான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் திரும்பிப் பார்த்தாள். மழையில் நனைந்த அவன் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முதலில் தெரிந்தது அந்தக் கண்கள்தான்... எதையோ தொலைத்துவிட்டு அந்த நொடியில்தான் அது தெரியவந்தவனின் கண்கள்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன ஒலிப்பதிவு அறை அது. அவளுடைய நேரம் முடிந்து அவனுடைய நேரம் தொடங்கியிருந்தது. கைபேசிகளுக்கு அலாரமும் மணியோசையும் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. கம்ப்யூட்டரில் புதுப்புது ஓசைகளைச் செய்யும் சின்தசைசரைத் திறந்தபோது, மூச்சுக் காற்று கலந்த மெல்லிய ஓசை ஒன்று ஏற்கெனவே அதில் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அதையே எடுத்து, திருகுகளைத் திருகித் தனக்கு வேண்டிய அலாரமாக மாற்றினாள். புதுப் பெயர் கொடுக்காமல், கைப்பழக்கத்தில் அதன் மேலேயே சேவ் செய்துவிட்டாள்.

"நான்தான்... ஸாரி. காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

"முழுசா முடிச்சுட்டு எடுக்கலாம்னு இருந்தேன்."

"காப்பி எடுக்காம யாராவது விட்டுட்டுப் போவாங்களா?"

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள புகுந்து சாமானையெல்லாம் மாத்திப் போட்டுட்டு, ஏன் பூட்டலைன்னு கேப்பீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு சவுண்டு தானே சார்... திரும்பப் பண்ணிக்கலாம்."

"சவுண்டு இல்லைங்க. என் அக்கா."

மாட்டிய பையை அவள் கீழே இறக்கி வைத்தாள்.

கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் பார்ப்பவன் அவன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அக்காதான். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, அவளுக்குக் குரல் அடியோடு போய்விட்டது. கூச்சக்காரி, யாராவது பதிவு செய்யப் போனை நீட்டினாலே வாயை மூடிக்கொள்வாள். துணி மடிக்கும்போது அவள் செய்த ஹம்மிங்கை யார் பதிவு செய்து வைத்தார்கள்? 'என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சுடா' என்று ஒருநாள் சைகையில் சொல்லி அழுதிருக்கிறாள். 'என் காதுல பத்திரமா இருக்குக்கா' என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். ஞாபகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவைத்ததைத்தான் இந்தப் பெண் அலாரமாக்கியிருந்தாள்.

"நான் உதவி பண்றேன்" என்றாள்.

"நீங்க பண்ணின உதவி போதும்" என்று கதவைக் காட்டினான்.

ஆனாலும் தினமும் அவன் நேரத்துக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் தடுமாறுவது கதவிடுக்கில் கேட்டது. ஒருநாள் ஓசை நின்றது. கதவு திறந்தது.

"உள்ள வாங்க..." என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அவள் திருகினாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மெதுவாக எழும் தொடக்கம், பின்னால் கொஞ்சம் காற்று, கடைசியில் சின்ன நடுக்கம்...

"முதல்ல கேட்டதா, இப்ப கேட்டதா? எது தெளிவு?"

அவன் பட்டென்று சிரித்துவிட்டான். "நாள் பூரா கடையில கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு நான் கேக்கற கேள்வி. என்கிட்டயேவா?"

"அப்போ ஃபீஸ் குடுங்க."

"நீங்க திருகும்போது ஹம் பண்றீங்க, தெரியுமா?"

"பொய்!"

"சத்தியமா. இப்பக்கூட."

கன்னம் சூடாகி, அவள் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். மழை வந்தது, போனது. அவன் கண்ணை மூடும்போதெல்லாம் அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருக்க அவள் பழகிப்போனாள். ஆனால் ஓசை மட்டும் பிடிபடவில்லை. தப்பான ஒன்றைக் கேட்கக் கேட்க, சரியானது அவனுக்குள் மங்கிக்கொண்டே போனது. சில நாட்களில் மேஜையில் தலை சாய்த்துவிடுவான். 'நான் ஒரு பொத்தானை அழுத்தி ஒருத்தியைக் கொன்றுவிட்டேன்' என்று அவளுக்குத் தோன்றும். தூக்கத்திலும் தோன்றும்.

பிறகு ஒரு மாலை அவன் துள்ளி எழுந்தான். "இதுதான்... இதேதான்!"

லேப்டாப்பும் சின்னக் கீபோர்டுமாக அவன் வீட்டுக்குப் போனார்கள். அக்கா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஓசை எழுந்தது... நடுங்கியது... அடங்கியது.

அக்கா மெல்லத் தலையசைத்தாள். இல்லை.

"நல்லாக் கேளுக்கா, உன் குரல்தான்!"

தன் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தாள் அக்கா. பிறகு எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் தொண்டையில் விரல் வைத்தாள். இது இவள் குரல். அதே விரலால் தம்பியின் காதைத் தொட்டுக் காட்டினாள். அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா... சத்தமில்லாததால் தெரியவில்லை.

அவனுடைய முகம் வெளுத்துப்போனது.

படிக்கட்டில் மழைச் சாரல் அடித்தது. வெளியேறி இறங்கியவளின் பின்னாலேயே அவன் வந்தான்.

"ரெண்டு தடவை அழிச்சிருக்கேன்" என்றாள். "முதல்ல கம்ப்யூட்டர்ல. அப்புறம் உங்க காதுல. இனி நான் வர மாட்டேன்."

"வராம இருந்தா அக்கா குரல் திரும்பி வந்துடுமா?"

அவள் இன்னொரு படி இறங்கினாள்.

"எனக்குக் கொஞ்ச நாளாவே தெரியும். கண்ணை மூடினா அக்கா குரல் கேக்கலை... நீதான் கேக்குற. பயந்துபோய்த்தான் இதுதான்னு கத்தினேன். அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டு, உட்கார்ந்து உன்னைக் கேட்டுட்டிருந்திருக்கேன்."

'நீ' என்றதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"முதல்ல கேட்டதா..." அவள் திரும்பி நின்றாள். "இப்ப கேட்டதா?"

"முதல்ல கேட்டது போயிடுச்சு. திரும்ப வராது." அவன் கண்கள் நிறைந்தன. "இப்ப கேக்கறதும் போயிட்டா, நான் எங்க போவேன்?"

உள்ளே அக்கா கீபோர்டைத் தொட்டாள் போலும். அந்த ஹம்மிங் மறுபடி எழுந்தது. இரவல் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல், தயங்கித் தயங்கி ஒவ்வொரு கட்டையாக.

அவள் நனைந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சிரிக்கவில்லை.

"எனக்கும் உங்களை விட்டுப் போகத் தெரியலை" என்றாள்.