வலது பின்மூலை

கோப்பையில் காபி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. நாடீன் அதை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு ஓரத்தில் ஒரு விரல் அளவு குறைவு, எதிர் ஓரத்தில் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. முந்தின சாயங்காலம்தான் அவள் புருஷன் டெல்மர் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, சுவிட்சுகளை மாற்றி மாற்றி அமுக்கி, குமிழி நட்டநடுவில் வந்து நின்றதை அவளையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தான். விடிந்து பார்த்தால் வண்டி மறுபடியும் வலது பின்மூலையில் இறங்கிக் கிடக்கிறது. இந்த இடத்துக்கு வந்ததிலிருந்து தினமும் இதே கதைதான்.

வண்டி என்றால் பஸ் நீளத்துக்கு ஒரு வீட்டு வண்டி. முன்னால் ஓட்டுகிறவர் இருக்கை, நடுவில் அடுப்பும் சாப்பாட்டு மேஜையும், கடைசியில் படுக்கையறை. பழசு, ஆனாலும் சொந்தம். அதன் மொத்த எடையும் சக்கரங்களுக்கு மேலே இருக்கிற ரப்பர் காற்றுப்பைகளின் மேல்தான் நிற்கிறது. எங்கே நிறுத்தினாலும் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி மட்டம் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும், அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும், தூங்கி எழுந்தால் தலை கனக்கும். குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்துக்கு வருகிற பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் வண்டியை நிறுத்தியதும் முதலில் செய்கிற காரியம் இதுதான். மடக்கு நாற்காலியும் பியரும் அதற்கப்புறம்தான் வெளியே வரும்.

"பைக்கு வயசாயிடுச்சு," என்றான் டெல்மர், தாடையைச் சொறிந்துகொண்டே. "நம்மள மாதிரிதான். பொழுது சாஞ்சா காத்து தானா போயிடுது."

"உன்னைப் பத்தி மட்டும் பேசு," என்றாள் நாடீன்.

சிரிக்கத்தான் முயன்றாள். முந்தின நாள் பக்கத்து முகாம்காரர் ராய்ஸ் சொன்னது அவளை விடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அந்த மனிதர், "யோவ் டெல்மர், அந்தப் பக்கம் யாரைய்யா படுக்க வச்சிருக்க? யானையையா?" என்று கேட்டார். ஆண்கள் இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். இன்று காலை ராய்ஸும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய்விட்டார். இப்போது கண்ணுக்கு எட்டின தூரம் வரை முள்செடியும் சரளைக்கல்லும்தான்.

வண்டியிலேயே குடியிருக்கிறவர்களுக்குக் கதவைத் தட்டுவது என்று ஒன்று தேவையே இல்லை. வாசல் படியில் யாராவது கால் வைத்தால் வண்டி முழுக்க ஒரு தரம் தாழ்ந்து எழும். எந்த அறையில் இருந்தாலும் பாதத்தில் தெரிந்துவிடும். யார் என்று திரும்பிப் பார்க்காமலே உள்ளே கூப்பிடுவதுதான் இந்த ஜனங்களின் வழக்கம். திருட்டுப் பயம் இல்லாத கூட்டம். நாடீனும் அதைத்தான் செய்தாள். வந்து சேர்ந்த அன்று பொழுது இறங்குகிற நேரம், படுக்கை விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தபோது, படியில் ஒரு பாரம் ஏறியது. டெல்மரின் எடையை அவள் அறிவாள். இது அவனைவிட அதிகம். ராய்ஸாக இருக்கும் என்று நினைத்து, தலையணைக்கு உறை மாட்டியபடியே, "வாங்க வாங்க, பின்னாடிதான் இருக்கேன், இங்கயே வாங்க," என்றாள்.

வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அடுப்பைத் தாண்டுகிறபோது தொங்கவிட்ட கரண்டிகள் மெல்ல இடித்துக்கொண்டன, குளியலறைக் கதவருகே தரைப்பலகை முனகியது, அதனோடு ஒரு வாடையும் வந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த ஈரமும் குளிருமான வாடை, மழையே பார்க்காத அந்தக் காய்ந்த மண்ணில். அது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பினாள். யாரும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் டெல்மரும் ராய்ஸும் தூரத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த வண்டி மட்டும் திரும்ப எழவில்லை.

கட்டிலில் வலது பக்கம் அவளுடைய பக்கம். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுக்கவே அவளுக்குப் பயம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். டெல்மரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் மகளிடம் சொல்வான். மகள் ஏற்கெனவே வண்டியை விற்றுவிட்டு வந்து சேருங்கள் என்று போனில் நச்சரிக்கிறாள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் டெல்மர் வேலையைத் தொடங்கினான். வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் படுத்து எழுந்த மனிதன். எழுபது வயதிலும் அதே கர்வம். காற்றை மட்டும் நம்பி நிற்கிற வண்டிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் தலையை விடக்கூடாது என்பது அவன் ஊருக்கெல்லாம் செய்யும் உபதேசம். தடித்த மரக்கட்டைகள் இரண்டையும், சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பானையும், ஸ்பேனரையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். காற்று கசிகிற இடத்தில் சோப்பு நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நாடீனுக்கு முன்னால் வேலை. ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்லச் சுவிட்சை அமுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கி-டாக்கி.

"நாடீன், நீ அந்த சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது. நீ உள்ள நடந்தா இங்க எனக்கு எல்லாம் ஆடும்."

"உத்தரவு, மகாராஜா."

"ஏத்து. இன்னும் கொஞ்சம். போதும்."

கட்டைகள் செருகப்படும் சத்தம் தரை வழியாக வந்தது. அதன்மேல் வண்டியை இறக்கச் சொன்னான், இறக்கினாள். தெளிப்பான் சீறுகிற ஒலி. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மேற்கே இறங்கிய வெயில் முன்கண்ணாடி முழுவதையும் செம்மஞ்சளாக்கிற்று.

"புடிச்சிட்டேன்," என்றது வாக்கி-டாக்கி. "ஹோஸ் சேர்ற எடத்துல நட்டு லூசு. நுரை எப்படிப் பொங்குது தெரியுமா?"

நாடீனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப காத்துதானா? நிஜமாவா?"

"வேற என்ன, பேயா?"

அவள் சத்தமாகச் சிரித்தாள். நாட்கணக்கில் வராத சிரிப்பு. ஸ்பேனர் இரும்பில் கிறீச்சிடுவதும், அவன் மூச்சு வாங்குவதும், வழக்கமான கெட்ட வார்த்தையும் கேட்டன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

"முடிஞ்சுது. ஏத்து, கட்டையை உருவிடறேன்."

ஏற்றினாள். ஒரு கட்டை சரளையில் உரசிக்கொண்டு வெளியே போனது. பிறகு மற்றது.

"வெளிய வந்துட்டியா?"

"வரேன். இரு, இரு. கீழப்பக்கமும் கொஞ்சம் நுரைக்கிற மாதிரி இருக்கு."

"கட்டையை மறுபடி போட்டுட்டுப் பாரு."

"ஒரு நிமிஷ வேலை, நாடீன். அதுக்குப் போய்."

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் செய்கிற காரியம்தான் இது. அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், அப்போது அந்த வாடை வந்தது. ஈரக்கிணறு. குளிர். அடுப்புக்கு மேலே கரண்டிகள் ஆடவில்லை. ஆடத் தேவையும் இல்லை, அது எங்கேயிருந்தும் வரவில்லை, பின்னாலேயே இருந்தது.

"எந்திரிக்காதன்னு சொன்னேன்ல," என்றான் டெல்மர். "எதுக்கு அங்க நடக்குற?"

நாடீனின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. "நான் நடக்கலை."

"வெளையாடாத. கட்டில் பக்கத்துல நிக்கிற. எனக்கு நேர் மேல. பலகை நெளியிறது தெரியுது."

"டெல்மர், நான் முன்னாடி உக்காந்திருக்கேன். வெளிய வா. இப்பவே வா."

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் காற்று சீறியது. வலது பின்மூலை இறங்கிற்று. அவள் இருக்கை பின்பக்கமாகச் சாய்ந்தது. மேஜையில் இருந்த சாவிக்கொத்து வழுக்கித் தரையில் விழுந்தது.

"ஏத்து," என்றான் அவன். குரல் மாறிவிட்டது. "நாடீன், ஏத்து. தோள் மாட்டிக்கிச்சு."

சுவிட்சை அமுக்கினாள். சின்னக் கம்ப்ரசர் அலறியது. இறங்குவது நின்றது. ஏறவில்லை. அவள் விரலின் பலத்தில் நிற்பதுபோல நின்றது. காற்று மீட்டரின் முள் இடதுபக்கம் நகர்ந்தது. காற்றுத் தொட்டியில் இருக்கிறது தீர்ந்தால் அதற்கப்புறம் இந்த வண்டியைத் தாங்க ஒன்றும் இல்லை. எழுந்து ஓடலாமா? விரலை எடுத்த நிமிஷமே மூலை இறங்கிவிடும். படியிறங்கி, வண்டியின் நீளம் முழுக்க ஓடி, கட்டையைத் தூக்கி வைப்பதற்குள் அவன் இருக்கமாட்டான்.

"மூச்சு... முட்டுது."

தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். நீண்ட நடைவழி. திறந்திருந்த படுக்கையறைக் கதவு. கட்டிலருகே அவள் கையாலே பின்னிய சிவப்புக் கம்பளம். அதில் பாதம் அழுந்தின மாதிரி இரண்டு பள்ளங்கள். அருகருகே. இரண்டும் கட்டிலைப் பார்த்து இருந்தன. அவள் படுக்கிற இடத்தைப் பார்த்து.

முள் இன்னும் நகர்ந்தது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. அது தானாக வரவில்லை. அவள் கூப்பிட்டாள். இங்கே வா என்றாள், வந்தது. அவள் சொன்ன இடத்தில் இத்தனை நாளாக நின்றுகொண்டிருக்கிறது. டெல்மரைக் கொல்ல அதற்கு ஒரு விருப்பமும் இல்லை. அவன் அங்கே இருப்பதுகூட அதற்குத் தெரியாது.

வாக்கி-டாக்கியில் இப்போது பேச்சு இல்லை. கரகரவென்று ஒரு ஒலி மட்டும்.

நாற்பத்தாறு வருடம் அவனோடு வாழ்ந்தவள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த உலகத்தில் எதைக் கண்டும் இவ்வளவு பயந்ததில்லை. இருந்தும் வாயைத் திறந்தாள்.

"நான் அங்க இல்லை," என்றாள். "இங்க இருக்கேன். முன்னாடி. எங்கிட்ட வா."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கம்பளத்தில் ஒரு பள்ளம் எழும்பிச் சமமாயிற்று.

மூலை ஏறியது. ஒரு அங்குலம். இன்னும் ஒன்று. வாக்கி-டாக்கியில் டெல்மர் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். "ஏறுது," என்றான். "அப்படியே... புடி. விடாத."

குளியலறைக் கதவு. பலகை முனகியது.

கீழே சரளையில் ஒரு உடம்பு இழுபட்டது.

அடுப்பு. கரண்டிகள் இடித்துக்கொண்டன.

மேஜை. தரையில் கிடந்த சாவிக்கொத்து அழுந்தி நெரிந்தது.

அவள் முன்னால் மட்டும் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை. கழுத்தின் பின்னால் குளிர். காதருகே குளிர். அப்புறம் அது அவளைத் தாண்டியது. பக்கத்து இருக்கைக்கும் காற்றுமெத்தைதான். அது பெருமூச்சு விட்டபடி கீழே இறங்கியது, அடிவரைக்கும்.

"வெளிய வந்துட்டேன், கண்ணு," என்றது வாக்கி-டாக்கி. டெல்மர் அழுதுகொண்டே சிரித்தான். "பொழைச்சுட்டேன். உன் கையாலதான் பொழைச்சேன்."

ஓடிப்போ என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். சட்டையெல்லாம் புழுதி, ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து நல்ல கையைத் தூக்கினான். பிறகு அவன் பார்வை பக்கத்து இருக்கைக்குப் போனது. அங்கேயே நின்றது.

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். அறிமுகமில்லாதவர்கள் முன்னால் அவன் எப்போதும் செய்கிற மரியாதை அது.

"யாரு நாடீன்?" என்றது வாக்கி-டாக்கி, மெதுவாக. "எப்ப வந்தாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காலி இருக்கை. தோல் உறையில் ஆழமான பள்ளம். வேறு எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி முன்னால் பார்த்தபோது டெல்மரின் முகத்தில் அந்த மரியாதைச் சிரிப்பு அப்படியே இருந்தது. கால்கள் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தொப்பி கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"நாடீன்," என்றான். "அது உன் பக்கமா திரும்புது."

பக்கத்து இருக்கை காற்றை இழுத்துக்கொண்டு மேலே எழுந்தது. காலியாயிற்று.

அவள் உட்கார்ந்திருந்த இருக்கை, அவளையும் சேர்த்து, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.